பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகும் எதற்கு இன்னொரு ஸ்வாப்?

கேள்வி: கிழக்கு லண்டனில் வேலை பார்க்கிறேன். வயது 29. வீட்டுக்கு வரவழைத்த பரிசோதனை கிட்டில் சிறுநீர், தொண்டை இரண்டிலுமே வெட்டை நோய் (கொனோரியா) இருப்பதாக வந்தது. கிளினிக்கில் ஊசி போடுவதற்கு முன்னால் மறுபடி ஸ்வாப் எடுத்தார்கள். இப்போது இரண்டு வாரம் கழித்து இன்னொரு டெஸ்ட்டுக்கு வரச் சொல்கிறார்கள். எரிச்சல் போய்விட்டது, லீவும் கிடைக்காது. போகாமல் விட்டால் என்ன? ஊரிலிருந்து கொண்டுவந்த அசித்ரோமைசின் மாத்திரை இருக்கிறது. ஒரு பாதுகாப்புக்கு அதைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: மாத்திரையைத் தொடாதீர்கள். டெஸ்ட்டுக்குக் கட்டாயம் போங்கள். லீவுதான் சிக்கல் என்றால் கிளினிக்குக்கு போன் செய்து வேறு நேரம் கேளுங்கள். மாற்றிக் கொடுப்பார்கள்.

முதலில் அந்த ஸ்வாப். உங்கள் கிட் தேடியது கிருமியின் மரபணுவை. கிருமி உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்பதுகூட அதற்குத் தெரியாது. எந்த மருந்துக்குச் சாகும் என்பதைக் கண்டுபிடிக்கக் கிருமியை உயிரோடு வளர்த்தாக வேண்டும். கல்ச்சர் என்பது அதுதான். இந்தக் கிருமி படு நோஞ்சான். காய்ந்தால் சாகும், குளிர்ந்தால் சாகும். சூடாக்கிய ரத்தம் கலந்த, சாக்லேட் நிறத்துத் தட்டில், உடல் சூட்டில், கார்பன் டை ஆக்சைடு கூட்டிய காற்றில் வைத்தால் ஒன்றிரண்டு நாளில் சின்னச் சின்னப் புள்ளிகளாக முளைக்கும். அதை எடுத்து வேறொரு தட்டு முழுக்கப் பரப்பி, மருந்து தடவிய மெல்லிய பட்டை ஒன்றை நடுவில் வைப்பார்கள். பட்டையின் ஒரு முனையில் மருந்து அதிகம், மறுமுனையில் மிகக் குறைவு. மறுநாள் பார்த்தால் பட்டையைச் சுற்றி முட்டை வடிவத்தில் கிருமி வளராத இடம் தெரியும். அந்த வட்டத்தின் ஓரம் பட்டையில் எந்த எண்ணைத் தொடுகிறதோ, அதுதான் எம்.ஐ.சி., அதாவது கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு.

உங்களுக்குப் போட்ட ஊசி மருந்தான செஃப்ட்ரையாக்சோனுக்கு இந்த எண் லிட்டருக்கு 0.125 மில்லிகிராமைத் தாண்டினால் ஐரோப்பிய அளவுகோல்படி எதிர்ப்பு, அதாவது கிருமி அந்த மருந்துக்கு அடங்காது. ஆனால் கண்காணிப்பவர்கள் அந்தக் கோட்டை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு வருடம் 0.008, இன்னொரு வருடம் 0.03, அப்புறம் 0.06 என்று பரவும் கிருமிகளின் எண் மொத்தமாகவே மேலே நகர்கிறதா என்றும் பார்ப்பார்கள். ரிப்போர்ட்டில் மூன்றுக்குமே ‘மருந்து வேலை செய்யும்’ என்றுதான் வரும். அந்த நகர்வுதான் முன்னெச்சரிக்கை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வேலையைச் செய்வது கிராஸ்ப் என்ற திட்டம். 2000-இல் தொடங்கியது. தேர்ந்தெடுத்த கிளினிக்குகளில் ஆண்டுதோறும் ஜூலை முதல் செப்டம்பர் வரை கிடைக்கும் கிருமிகளை மேற்பார்வை ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒரே முறையில் சோதிக்கிறார்கள். ஒரே மாதங்கள், ஒரே முறை என்பதால்தான் ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட முடிகிறது. பலன் உடனேயே தெரிந்தது. அப்போது முதல் சிகிச்சையாக இருந்த சிப்ரோஃப்ளாக்சசினுக்கு மசியாத கிருமிகள் 2001-இல் சுமார் 3 சதவீதம், 2002-இல் சுமார் 10 சதவீதம். எதிர்ப்பு 5 சதவீதத்தை எட்டினால் அந்த மருந்தை முதல் சிகிச்சையாக வைத்திருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். சிப்ரோ போனது, செஃபிக்ஸிம் மாத்திரை வந்தது. அதற்கும் எம்.ஐ.சி. ஏறவே, 2011-இல் ஊசியோடு அசித்ரோமைசினும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2019 முதல் 1 கிராம் செஃப்ட்ரையாக்சோன் ஊசி மட்டும்.

அசித்ரோமைசின் ஏன் கழன்றது என்பதில்தான் உங்கள் மாத்திரைக்கான பதிலும் இருக்கிறது. 2014 கடைசியில் லீட்ஸ் நகரில், லிட்டருக்கு 256 மில்லிகிராம் மருந்துக்கும் அசையாத கிருமி பரவத் தொடங்கியது. அந்த எண்ணுக்கு மேல் பட்டையில் அளவே கிடையாது! மேலும் அசித்ரோமைசின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். பல நாள் அரைகுறை அளவில் தங்கி, கிருமியைக் கொல்லாமல் பழக்கப்படுத்திவிடும். சோதனைக்கு முன் அதைப் போட்டுக்கொண்டால் கல்ச்சரிலும் ஒன்றும் முளைக்காமல் போகலாம்.

இரண்டாவது டெஸ்ட்டுக்கு வருவோம். இரண்டு வாரம் என்று சொல்லக் காரணம், செத்த கிருமியின் மரபணு கொஞ்ச நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். சீக்கிரம் சோதித்தால் வீணாகப் பயமுறுத்தும். உங்கள் விஷயத்தில் எரிச்சல் நின்றது அவ்வளவு பெரிய ஆறுதல் இல்லை. தொண்டையில் இருக்கும் வெட்டைக்குப் பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. மருந்துக்கு அடங்குவதிலும் அதுதான் கடைசி. போதாததற்கு, தொண்டையில் சாதுவாகக் குடியிருக்கும் இதே குடும்பத்துக் கிருமிகளிடமிருந்து எதிர்ப்பு மரபணுத் துண்டுகளை இது வாங்கிக்கொள்கிறது. 2018-இல் தென்கிழக்கு ஆசியாவில் தொற்றிக்கொண்டு இங்கிலாந்து வந்த ஒருவருக்குச் செஃப்ட்ரையாக்சோனும் டாக்சிசைக்ளின் என்ற மாத்திரையும் கொடுத்தும் நோய் போகவில்லை. மறுபரிசோதனையில் தொண்டையில் தொற்று நிற்பது தெரிந்தது. கடைசியில் எர்டாபெனெம் என்ற மருந்தை நரம்பு வழியாக ஏற்றித்தான் குணமாக்கினார்கள். மறுபரிசோதனைக்கு வராமல் இருந்திருந்தால் அவர் வழியாக எத்தனை பேருக்குப் போயிருக்குமோ.

எனக்கு ஒரு கவலை உண்டு. 2023-இல் இங்கிலாந்தில் 85,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் உறுதியானது. கிட் சோதனை வசதிதான், ஆனால் அதில் உயிருள்ள கிருமி வளர்ப்புக்குக் கிடைக்காது. உங்களைப் போல் ஊசிக்கு முன் ஸ்வாப் கொடுக்கிறவர்களை வைத்துத்தான் மருந்து இன்னும் பலிக்கிறதா என்று தெரிகிறது. பெயர் வெளியே போகுமோ என்று பயப்பட வேண்டாம். கண்காணிப்புப் பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. இங்கே பால்வினை நோய்க்கான சிகிச்சை எந்த விசாவில் இருந்தாலும் இலவசம்.

ஊசி போட்டபின் குறைந்தது ஏழு நாள், உங்கள் துணைக்கும் சிகிச்சை முடிந்து ஏழு நாள், உறவு வேண்டாம். வாய்வழி உறவும் இதில் சேர்த்திதான். சமீபத்தில் உறவில் இருந்தவர்களுக்கு நேரில் சொல்லச் சங்கடமாக இருந்தால் கிளினிக்கே உங்கள் பெயரைச் சொல்லாமல் தகவல் அனுப்பும். இரண்டு வாரத்துக்குள் எரிச்சலோ சீழோ திரும்பினால் அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். சமீபத்தில் நீங்களோ துணையோ ஆசிய நாடுகளுக்குப் போய் வந்திருந்தால் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். செஃப்ட்ரையாக்சோனுக்கு அடங்காத கிருமிகள் இங்கிலாந்துக்கு வந்ததில் பெரும்பாலானவை ஆசிய-பசிபிக் பயணங்களோடு தொடர்புடையவை.