பேட்ஜ் எப்போது வரும்? கடற்படை மாலுமிகளின் கேள்விகளுக்கு ஒரு மாஸ்டர் சீஃப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு ஒரே கேள்விதான்: "எனக்குப் புரமோஷன் எப்போது சார்?" எந்தக் கிளை, எந்த ஆண்டு சேர்ந்தீர்கள், கடைசி கோர்ஸ் எப்போது முடித்தீர்கள், ஒன்றும் இல்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. கொஞ்சமாவது விவரத்தோடு எழுதியவர்களுக்கு மட்டும் பதில் தருகிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: மாலுமியின் ஏணி லீடிங், பெட்டி ஆபீசர், சீஃப் பெட்டி ஆபீசர், மாஸ்டர் சீஃப் என்று ஏறும். ரேங்க் ஏறினால் அதைக் காட்டும் பேட்ஜும் மாறும்.

மகன் பிளஸ் டூ. நேவியில் கேப்டன் ஆக ஒரு நிறுவனம் நான்கு லட்சம் கேட்கிறது. கட்டலாமா? (தூத்துக்குடி)

ஐயா, அது வணிகக் கப்பல் வேலை. இந்தியக் கடற்படை வேறு. கடற்படையில் சேர தேர்வுக் கட்டணத்துக்கு மேல் ஒரு பைசா யாருக்கும் தர வேண்டியதில்லை. வணிகக் கப்பல்தான் வேண்டும் என்றால், அந்த நிறுவனத்துக்கு, வணிகக் கப்பல் துறையைக் கவனிக்கும் மத்திய அரசு அலுவலகமான டி.ஜி. ஷிப்பிங்கின் அனுமதி இருக்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தைத் தொடுங்கள்.

எட்டு வருடம் முடிந்து எம்ஏசிபி வந்துவிட்டது. இனி நான் பெட்டி ஆபீசர்தானே?

இல்லை. எம்ஏசிபி திட்டத்தில் 8, 16, 24 ஆண்டுகளில் ஏறுவது சம்பள லெவல் மட்டும். கையில் இருக்கும் பேட்ஜ் அப்படியேதான் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள்.

என்னோடு சில்கா பயிற்சித் தளத்தில் ஒரே நாளில் சேர்ந்தவன் பெட்டி ஆபீசர் ஆகிவிட்டான். கோர்ஸ் பாஸ் செய்தும் நான் இன்னும் லீடிங். மேலே யாரையாவது பார்க்க வேண்டுமா? (விசாகப்பட்டினத்திலிருந்து)

அந்த "மேலே யாரையாவது" என்பதை முதலில் விடுங்கள் தம்பி. அவன் எந்தக் கிளை, நீங்கள் எந்தக் கிளை என்று எழுதவே இல்லை. ரோஸ்டர், அதாவது புரமோஷன் வரிசை, கிளைக்குக் கிளை தனி. காலியிடம் இருக்கிற கிளையில் ஓடும், இல்லாத கிளையில் நிற்கும். ஒரே நாளில் சேர்ந்த சமையல்காரருக்கும் கம்யூனிகேஷன் ஆளுக்கும் நடுவில் சில வருட வித்தியாசம் வருவது சகஜம்.

ஒரே கிளைதான் என்றால் மூன்றைப் பாருங்கள். வருடாந்திர மதிப்பீடு எப்படி இருக்கிறது? கேரக்டர் 'வெரி குட்'தானா, நடுவில் ஏதாவது தண்டனை விழுந்ததா? மெடிக்கல் கேட்டகரி, அதாவது உடல்தகுதித் தரம், இறங்கியதா? எடை கூடி கேட்டகரி இறங்கி, அதனால் பேட்ஜ் தள்ளிப்போன பையன்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கப்பல் சாப்பாடு அப்படி.

இதெல்லாம் சரியாக இருந்தும் பெயர் வரவில்லையா? அப்படியானால் பேப்பரைப் பாருங்கள். இதை எழுதி எழுதி என் கை வலிக்கிறது. மாலுமிகளின் பதிவையும் புரமோஷனையும் பார்க்கும் அலுவலகம், மும்பை மான்குர்டில் இருக்கும் பியூரோ ஆஃப் செய்லர்ஸ். அது உங்களை நேரில் பார்த்ததில்லை. அங்கே நீங்கள் ஒரு நம்பரும் சில பதிவுகளும்தான். கப்பலிலிருந்து பியூரோவுக்குப் போகும் ஜென்ஃபார்ம் படிவத்தில் கோர்ஸ் ரிசல்ட் ஏறவில்லை என்றால் நீங்கள் கோர்ஸே போகாத ஆள்.

எனக்கே நடந்தது. கோர்ஸில் நல்ல மார்க் வாங்கிக் கப்பலுக்குத் திரும்பினேன். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் புது பேட்ஜ் தைத்துக்கொண்டார்கள். நான் கௌரவம் பார்த்து யாரையும் கேட்கவில்லை. ஏழெட்டு மாதம் கழித்துக் கப்பல் அலுவலகத்துக்கு லீவு ஃபாரம் வாங்கப் போனேன். ரைட்டர் ஒரு டிரேயைக் கவிழ்த்துத் தேடினார். அடியிலிருந்து என் ரிசல்ட் கடிதம் வந்தது. டீ கிளாஸ் வைத்த வட்டம் அதன் மேல் பழுப்பாகப் பதிந்திருந்தது. அவர் "அட, இது உங்களுடையதா?" என்றார், அவ்வளவுதான். சீனியாரிட்டியைப் பின்தேதியிட்டு வாங்க நான் எழுதிய விண்ணப்பங்களுக்குக் கணக்கே இல்லை.

அதனால் சொல்கிறேன். கோர்ஸ் முடிந்து கப்பல் ஏறிய வாரமே உங்கள் பிரிவைக் கவனிக்கும் டிவிஷனல் ஆபீசரிடம் போய், "சார், என் ரிசல்ட் பதிவாகிவிட்டதா?" என்று கேளுங்கள். அடுத்த மாதம் இன்னொரு முறை கேளுங்கள். கடல் சர்வீஸ் கணக்கு, பிறந்த தேதி, பெயரின் எழுத்து எல்லாவற்றையும் சரிபாருங்கள். எம்.எல்.ஏ. சிபாரிசுக் கடிதத்துக்கு அலைகிற நேரத்தில் இதில் பாதியை முடித்துவிடலாம்.

மகன் அக்னிவீர். நான்கு வருடத்தில் லீடிங் ஆகிவிடுவானா? (ஒரு தாயார், தென்காசி)

ஆக மாட்டான் அம்மா. அக்னிவீர் என்பதே தனி ரேங்க். நான்கு ஆண்டு முடிவில் 25 சதவீதம் பேர் வரை நிரந்தரமாக எடுப்பார்கள். அவர்களுக்கு மேலும் குறைந்தது 15 ஆண்டு சர்வீஸ். ஏணி அங்கிருந்துதான் ஆரம்பம். மற்றவர்கள் 11 லட்சத்துச் சொச்சம் சேவா நிதியோடு வருவார்கள். நான்கு ஆண்டும் அவன் எப்படி வேலை பார்த்தான் என்பதுதான் கணக்கு. "நிரந்தரம் ஆக்கித் தருகிறேன்" என்று எவனாவது வந்தால், தூத்துக்குடிக்காரருக்குச் சொன்னதேதான். ஒரு பைசா தராதீர்கள்.

பெண்களும் சீஃப் பெட்டி ஆபீசர் ஆக முடியுமா?

தடை எதுவும் இல்லை. பெண்கள் முதன்முதலில் மாலுமிகளாகச் சேர்ந்த அக்னிவீர் முதல் அணி 2023 மார்ச்சில் சில்காவிலிருந்து வெளியே வந்தது. சுமார் 2,600 பேர், அதில் 270 சொச்சம் பெண்கள். நிரந்தரமாகிறவர்கள் இனிமேல்தான் ஏற வேண்டும்.

கணவர் சீஃப். அடுத்த ரேங்க் வந்தால் மாற்றல் வரும், பிள்ளைகள் படிப்பு கெடும். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா? (அரக்கோணம்)

எழுதிக் கொடுப்பது ஒரு நிமிட வேலை அம்மா. பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி. ஒரே ரேங்க் ஒரே பென்ஷன் கணக்கும் ரேங்க்கையும் சர்வீஸையும் வைத்துத்தான். சம்பளத்தில் சீஃப் லெவல் 6, அடுத்த ரேங்க்கான மாஸ்டர் சீஃப் செகண்ட் கிளாஸ் லெவல் 7. பிள்ளைகள் படிப்பு சில வருடத்தில் முடிந்துவிடும், பென்ஷன் ஆயுசுக்கும் வரும். முடிவு உங்களுடையது. நானாக இருந்தால் குடும்பத்தை அரக்கோணத்திலேயே விட்டுவிட்டு நான் மட்டும் போவேன். போயும் இருக்கிறேன்.

என்னைக் கோயம்புத்தூருக்குக் கோர்ஸ் போட்டிருக்கிறார்கள். அங்கே கடலே இல்லையே, இது தண்டனையா?

சிரித்துவிட்டேன். ரெட்ஃபீல்ட்ஸில் இருக்கும் ஐஎன்எஸ் அக்ரானி, மாலுமிகளுக்குத் தலைமைப் பண்பு சொல்லிக்கொடுக்கும் இடம். போய் வாருங்கள். முடிந்ததும் ரிசல்ட் பதிவாகிவிட்டதா என்று கேளுங்கள்.

மாலுமியாகச் சேர்ந்தவன் ஆபீசர் ஆக வழி உண்டா?

உண்டு. இளவயதில் சிடபிள்யூ (கமிஷன் வொர்த்தி) திட்டம், அதற்கு ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி தேர்வைத் தாண்ட வேண்டும். அனுபவம் சேர்ந்த பிறகு எஸ்டி (ஸ்பெஷல் டியூட்டீஸ்) லிஸ்ட். இரண்டுக்கும் வயது வரம்பு உண்டு. "அடுத்த வருடம் எழுதலாம்" என்று ஐந்து வருடம் சொன்னவர்கள் என் மெஸ்ஸிலேயே நாலு பேர்.

ரேங்க் பெயர்களை இந்திய மரபுப்படி மாற்றப் போகிறார்களாமே?

2023 டிசம்பரில், கடற்படை நாளில், சிந்துதுர்க்கில் பிரதமர் அறிவித்தார். பெயர் எதுவானாலும் கோர்ஸும் மெடிக்கலும் அதேதான் தம்பி.