விளையாட்டு இடத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் பருப்புச் சோறு

கேள்வி: காங்கேயத்தில் நானும் என் வீட்டுக்காரரும் பல வருஷமாக மெஸ் நடத்துகிறோம். சாப்பிட வருபவர்கள் பெரும்பாலும் அரிசி மில், எண்ணெய் மில் ஆட்கள். இப்போது தாராபுரம் ரோட்டில் சொந்த இடத்தில், அறுபது பேர் உட்காரும்படி ஒரு குடும்ப உணவகம் கட்டிக்கொண்டிருக்கிறோம். சிவன்மலைக்கும் பழனிக்கும் போகிற குடும்பங்கள் கைக்குழந்தையோடு வந்து நிம்மதியாகச் சாப்பிட வேண்டும் என்று எங்களுக்கு ஆசை. "மூணு லட்சத்துல சறுக்கு, ஊஞ்சல் எல்லாம் போட்டுருங்க, கூட்டம் தானா வரும்" என்கிறார் கான்ட்ராக்டர். போடலாமா? குழந்தை உள்ளவர்கள் உண்மையில் எதைப் பார்த்து வருகிறார்கள்? குழந்தைக்கும் மீல்ஸுக்குக் காசு வாங்குவதா, விடுவதா என்று வீட்டில் தினமும் விவாதம் வேறு.
— வாசகி, காங்கேயம்

அந்த மூன்று லட்சத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஊஞ்சலைப் பார்த்துக் காரை ஓரங்கட்டுகிறவர்கள் உண்டுதான். ஆனால் அவர்கள் மறுபடி வருவார்களா என்பது உள்ளே வந்து உட்கார்ந்த முதல் பத்து நிமிஷத்தில் முடிவாகிவிடுகிறது. உங்கள் கவனமும் காசும் முதலில் அந்தப் பத்து நிமிஷத்துக்குப் போகட்டும்.

சிவன்மலையில் மொட்டை போட்டுக் காது குத்தி முடித்து இறங்கி வருகிற ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை விடியும் முன்பே எழுப்பிக் குளிக்க வைத்திருப்பார்கள். மொட்டைத் தலை எரிகிறது, காது வலிக்கிறது, மாமன் மடியில் அழுத அழுகை இன்னும் அடங்கவில்லை. அம்மா காலையிலிருந்து ஒரு வாய் காபியோடு இருக்கிறார். தாத்தா, ஆத்தா, மாமன் வீட்டார் என்று பத்துப் பேர். மெனு வந்து, ஆளுக்கு ஒன்றாகச் சொல்லி, அது அடுப்புக்குப் போய் இலைக்கு வர இருபது நிமிஷம் ஆகும். பெரியவர்கள் சீர் வரிசையைப் பற்றிப் பேசியே அந்த நேரத்தை ஓட்டிவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்குப் பசி வந்துவிட்டால் அந்த நிமிஷமே சோறு வேண்டும். அது அழும். பக்கத்து டேபிள் திரும்பிப் பார்க்கும். அப்பா தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போவார், அம்மா வந்ததை அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். உங்கள் நாட்டுக்கோழிக் குழம்பு எவ்வளவு ருசியாக இருந்தாலும் அன்றைக்கு அந்த அம்மாவின் நாக்குக்கு அது எட்டாது.

ஆகவே ஒரே ஒரு பழக்கத்தைக் கடையின் சட்டமாக்குங்கள்: குழந்தை இருக்கிற டேபிளில், பெரியவர்களிடம் ஆர்டர் எடுக்கும் முன்பே குழந்தைக்கு ஒரு கிண்ணம் வந்துவிட வேண்டும். ஐந்து நிமிஷத்துக்குள். மெஸ் நடத்திய உங்களுக்கு இது பெரிய வேலையே இல்லை. குழைய வெந்த சோறும், உப்பு குறைத்துக் கடைந்த பருப்பும் தனியாக ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பாக எப்போதும் இருக்கட்டும். ஊத்துக்குளி வெண்ணெயை உருக்கி ஒரு கரண்டி நெய். காலை நேரமென்றால் சின்ன இட்லி இரண்டு, அல்லது சந்தகையும் தேங்காய்ப்பாலும். நாட்டுச் சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். இரண்டு வயதுக்குள் சர்க்கரை சேர்க்க வேண்டாம் என்றுதான் இப்போது குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். போடுவதா வேண்டாமா என்பதைத் தாயே பார்த்துக்கொள்ளட்டும். அரிசிம்பருப்பு சோறு நம் பக்கத்துக் குழந்தைகள் மறுக்காமல் சாப்பிடுவது. கடைக்குச் செய்யும்போது வரமிளகாயைக் கிள்ளாமல் முழுசாகத் தாளித்தால் காரம் அதிகம் இறங்காது, பரிமாறும்போது எடுத்துப் போட்டுவிடலாம்.

பல கடைகளில் "கிட்ஸ் மெனு" என்று ஒன்று வைத்து அதில் பிரெஞ்ச் ஃப்ரை, நகெட்ஸ், நூடுல்ஸ் என்று போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பெரியவர்கள் சாப்பிடும் அதே சமையலில் காரம் ஏறாத பங்கை எடுத்து வைப்பதுதான் குழந்தைக்கும் நல்லது, உங்கள் மாஸ்டருக்கும் சுலபம். குழம்பு கொதிக்கும்போது மிளகாய்த் தூள் போடும் முன் ஒரு சட்டி சாறு எடுத்து வைத்தால் கோழிச்சாறு சோறு தயார்.

ஒரு எச்சரிக்கை. பள்ளிபாளையம் சிக்கனில் கிடக்கிற தேங்காய்ச் சில்லு, பொங்கலில் முழு முந்திரி, முழுக் கடலை, நாட்டுக்கோழியின் சிறு எலும்பு, இவையெல்லாம் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக் குழாயை அடைக்கக்கூடியவை. குழந்தைத் தட்டுக்குப் போகும் எதிலும் இவை இல்லாமல் பார்த்துக்கொள்வது சமையலறையின் பொறுப்பு. கல்லா மேஜையில் வைக்கிற உருண்டை மிட்டாயும் இதே கணக்குத்தான். அந்த இடத்தில் கதளிப் பழச் சீப்பு ஒன்றை வைத்துவிடுங்கள். சாயம் எதிலும் வேண்டாம். ரோடமைன்-பி என்ற துணிச் சாயம் இருந்ததால்தான் 2024 பிப்ரவரியில் நம் அரசு வண்ணப் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டது. பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸுக்கும் 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை வந்தது. தடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழந்தைகள் வருகிற கடையில் பச்சை முட்டைக்கு இடமில்லை.

அடுத்தது சூடு. இதைப் பற்றித்தான் நான் யாரிடமும் அதிகமாக வற்புறுத்துவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் பார்த்தேன். கூட்டம் நெரிகிறது. சர்வர் பையன் எட்டிப் பரிமாற இடமில்லாமல், ஆவி பறக்கிற சாம்பார் வாளியைக் குழந்தையின் தலைக்கு மேலாகவே எதிர்ப்பக்கம் கொண்டுபோனான். கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டு மேஜை விளிம்பில் விழுந்தது. குழந்தையின் ஆத்தா ஒரு வார்த்தை பேசவில்லை. தன் உள்ளங்கையை விரித்துக் குழந்தையின் மொட்டைத் தலைமேல் வைத்துக்கொண்டார். அந்தப் பந்தி முடியும்வரை இடது கையை எடுக்கவே இல்லை, வலது கையால் மட்டும் சாப்பிட்டு எழுந்தார். பையன் கெட்டவன் அல்ல. எந்தப் பக்கம் நின்று ஊற்ற வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அறுபது டிகிரிச் சூடே சில நொடிகளில் குழந்தையின் தோலை வேகவைக்கப் போதும். அது பெரியவர்கள் தோலைவிட மெல்லியது. அடுப்பிலிருந்து இறக்கிய சாம்பாரும் ரசமும் அதைவிட எவ்வளவோ சூடு. குழந்தை இருக்கும் பக்கத்திலிருந்து எந்தச் சூடான பொருளும் டேபிளுக்கு வரக்கூடாது. டபரா டம்ளரில் காபி வந்தால் குழந்தையின் கை எட்டாத மூலையில் வைக்க வேண்டும். இலையில் ஊற்றும் ரசம் வழிந்து மடியில் இறங்கும். குழந்தையை மடியில் வைத்திருப்பவருக்கு ரசத்தைக் கிண்ணத்தில் கொடுங்கள். டேபிள் விரிப்பு வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக் குழந்தை அதைப் பிடித்து இழுத்தால் மேலே இருப்பது எல்லாம் அதன் மேல்தான் வரும். எல்லாம் செய்தும் ஒருநாள் பட்டுவிட்டால், உடனே குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். பேஸ்ட், மை, ஐஸ் எதுவும் கூடாது. பெரிய புண் என்றால் தண்ணீரில் காட்டிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். இதைச் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒடிசா, பீகார்ப் பையன்கள் வேலைக்கு இருந்தால் அவர்கள் மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். குழந்தையைப் பார்த்து "கண்ணு, சாமி" என்று கூப்பிடச் சொல்லிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் பெற்றவர்களைக் கேட்காமல் தூக்குவது, கன்னத்தைக் கிள்ளுவது, போட்டோ எடுப்பது மூன்றும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

உட்காரும் இடத்துக்கு வருவோம். சாதாரண டேபிள் முக்கால் மீட்டர் உயரம். நாற்காலியில் உட்கார்ந்த மூன்று வயதுக் குழந்தைக்கு அது கழுத்தளவு வரும். அதனால்தான் மண்டியிட்டு, நின்று, ஏறி, கடைசியில் விழுந்து எழுகிறார்கள். அறுபது பேர் கடைக்கு நான்கு பேபி சேர் வாங்குங்கள். கால்கள் அகலமாக விரிந்தும், இடுப்பைச் சுற்றியும் இரண்டு தொடைகளுக்கு நடுவிலும் பெல்ட் உள்ளதாகவும் இருக்கட்டும். பெல்ட் அறுந்ததை அன்றைக்கே எடுத்து உள்ளே போட்டுவிடுங்கள். கொஞ்சம் வளர்ந்த குழந்தைக்கு நாற்காலி மேல் வைத்துக் கட்டுகிற உயர இருக்கை இரண்டு போதும். இந்த டேபிள்கள் சமையலறைக் கதவிலிருந்து வாளியோடு வரும் வழியில் இருக்கக் கூடாது. சுவரோரம், ஒரு பக்கம் அடைப்பாக இருக்கிற இடம் நல்லது. ஓரத்துச் சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்துவிட்டால் குழந்தை இறங்கி ஓடாது. மேற்குப் பக்கக் கண்ணாடியை ஒட்டிப் போடாதீர்கள். சித்திரை வெயிலில் மூன்று மணிக்கு அங்கே யாராலும் உட்கார முடியாது.

கட்டடம் முடியாமல் இருப்பது உங்களுக்கு வசதி. பிளம்பர் குழாய் லைன் இழுக்கும் முன் அவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். கை கழுவும் இடத்தில் ஒரு பேசினை மட்டும் ஒன்றே முக்கால் அடி உயரத்தில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு குழந்தையையும் இடுப்பில் பிடித்துத் தூக்கித்தான் கழுவ வேண்டும், தண்ணீர் பாதி அம்மாவின் புடவையில். அந்தத் தரையில் வழுக்காத டைல்ஸ். பளபளக்கிற கிரானைட்டில் தண்ணீர் சிந்தினால் ஓடி வருகிற குழந்தை நேராக மண்டையில்தான் விழும். இரண்டாவது, டயபர் மாற்ற ஒரு பலகை, மூடி போட்ட குப்பைத் தொட்டியோடு. அதைப் பெண்கள் கழிப்பறைக்குள் மட்டும் வைத்துவிட்டால் அப்பாக்கள் எங்கே போவார்கள்? பொதுவான இடைவெளியில் ஒரு திரைக்குப் பின்னால் வையுங்கள். பால் கொடுக்க ஐந்துக்கு ஆறடி இடம் போதும்: முதுகு சாயும் நாற்காலி, மின்விசிறி, உள்தாழ்ப்பாள். கழிப்பறையை ஒட்டி வேண்டாம். 2015-லேயே பஸ் ஸ்டாண்டுகளில் தாய்ப்பால் அறை திறந்த மாநிலம் இது. பழனிக்குப் போகிற ரோட்டில் ஒரு தாய் கார்க் கண்ணாடிக்குத் துண்டு கட்டிப் பால் கொடுக்கிற நிலை இன்னும் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கழிப்பறை சுத்தம் பற்றி நான் விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு மதியம் மட்டும் அதற்கென்றே ஒரு ஆளை நிறுத்துங்கள்.

விளையாட்டு இடத்தை ஒரு வருஷம் கழித்து யோசிக்கலாம். அப்போதும் பார்க்கிங்கை ஒட்டி வைக்காதீர்கள். ரிவர்ஸ் எடுக்கும் காரின் டிரைவருக்கு இரண்டடி உயரக் குழந்தை கண்ணில் படாது. சாப்பிடுகிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், கேட் இருக்க வேண்டும், வெயிலில் சுடும் தகரச் சறுக்கு கூடாது. கலர் பந்துக் குழி பார்க்க அழகு, சுத்தம் செய்வதோ பெரும்பாடு. ஒரு வேப்ப மரமும் அதன் அடியில் மணலும் இருந்தாலே நம் குழந்தைகளுக்குப் போதும், மணலை மட்டும் தினம் சலித்து, இரவில் நாய் பூனை வராமல் மூடிவைக்க வேண்டும். அதுவரை உள்ளே, சிலேட்டும் கலர் சாக்பீஸும் ஒரு டேபிளுக்கு ஒன்று கொடுங்கள். டிவியில் கார்ட்டூன் போட வேண்டாம் என்பது என் கருத்து. அந்தச் சத்தத்தில் பெரியவர்கள் குரலை உயர்த்துவார்கள், குழந்தைகள் இன்னும் கத்துவார்கள்.

மில் ஆட்களை மறந்துவிடாதீர்கள். இத்தனை வருஷம் உங்களுக்குச் சோறு போட்டவர்கள் அவர்கள். வேலைக்கு நடுவில் வந்து இருபது நிமிஷத்தில் சாப்பிட்டுப் போக வேண்டியவர்களுக்கு வாசலை ஒட்டிய வரிசையைத் தனியாக ஒதுக்குங்கள். குழந்தை அழுதால் முகம் சுளிக்கிறவர்களும் அங்கே உட்கார்ந்துகொள்ளலாம்.

இனி காசு. ஐந்து வயதுக்குள் வாங்காதீர்கள். "ஒரு மீல்ஸை இரண்டு பேர் சாப்பிடக் கூடாது" என்ற போர்டை மாட்டிக்கொண்டு, தன் இலையிலிருந்து பிள்ளைக்கு ஒரு உருண்டை ஊட்டிய தாயிடம் போய்ச் சண்டை போடுகிற கடைகள் இருக்கின்றன. அதில் மிச்சமாவது ஒரு கைப்பிடிச் சோறு. போவதோ பத்துப் பேர் குடும்பம், அதோடு அவர்கள் ஊரில் சொல்லப்போகிற வார்த்தை. தாயின் இலைக்குப் பக்கத்தில் நீங்களே ஒரு சின்ன இலையைப் போட்டுவிடுங்கள். ஐந்திலிருந்து பத்து வயதுவரை பாதி விலையில் குட்டி மீல்ஸ். கேட்டால் மறுசோறு உண்டு, கூட்டும் பொரியலும் குறைவாக வைத்தால் வீணாகாது. இரண்டையும் வாசலிலேயே எழுதி வையுங்கள், பில் போடும்போது பேச்சு வராது. வயதைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் குழந்தையிடம் "என்ன கிளாஸ் படிக்கற?" என்று கேட்டுப் பிடிக்க வேண்டாம். அம்மா சொன்ன வயதையே போட்டுக் கொடுத்துவிடச் சொல்லுங்கள் கல்லாவில் இருப்பவரிடம்.