யார் வரவில்லை என்று பாருங்கள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் மலைக்கிராமக் கர்ப்பிணிகள் வலி வந்த பிறகுதான் கீழே இறங்குகிறார்கள். விழிப்புணர்வுக் கூட்டம் போட்டும் பயனில்லை.

பதில்: கூட்டத்தை விடுங்கள். ஆஸ்பத்திரி நல்லது என்று அவர்களுக்குத் தெரியும். மூத்த பிள்ளையை யாரிடம் விடுவது, ஆடு மாட்டை யார் பார்ப்பது, கூட வரும் அம்மா எங்கே படுப்பது என்பதற்குத்தான் பதில் இல்லை. தமிழ்நாட்டில் மலையோர ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறைகள் உண்டு. குறித்த தேதிக்கு முன்பே வந்து தங்கலாம். அந்த அறை காலியாகக் கிடந்தால் அவர்கள்மேல் குறை சொல்லாதீர்கள். பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் படுக்கை, சாப்பாடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரசவ அறைக்குள்ளும் கர்ப்பிணி விரும்பும் ஒருவர் கூட இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனமே இதைப் பரிந்துரைக்கிறது. தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் பயம் பாதி குறையும்.

கேள்வி: சர்க்கரை, பிபி மாத்திரையைக் கூலித் தொழிலாளர்கள் பாதியில் விட்டுவிடுகிறார்களே?

பதில்: காலையில் மட்டும் ஓ.பி. நடந்தால், மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போகும். அந்தச் செலவு நம் கணக்கில் வருவதே இல்லை. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோனது பெரிய விஷயம். ஆனால் பகலில் வேலைக்குப் போனவர் வீட்டில் இருக்கமாட்டாரே! வேலையிடத்திலேயே பரிசோதனை, வாரத்தில் சில நாள் மாலை ஓ.பி., நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டு மாத மாத்திரை. இவை மூன்றும் சேர்ந்தால்தான் அவருக்கு எட்டும்.

கேள்வி: விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எல்லோருக்கும் ஒரே மாதிரிதானே காட்டும்?

பதில்: இல்லை. கறுத்த தோலில் சில சமயம் உண்மை அளவைவிடக் கூடுதலாகக் காட்டும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கருவி கண்டுபிடிக்காமல் விட்ட ஆக்ஸிஜன் குறைவு, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு அதிகம். நமக்கும் இது பொருந்தும் விஷயம். மூச்சுத் திணறுகிறவரை எண் சரியாக இருக்கிறதென்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரி டோக்கனை முழுக்க ஆப் வழியாக மாற்றலாமா?

பதில்: வேண்டாம். போன் இல்லாத பாட்டிக்கு கவுன்ட்டர் இருக்கட்டும். அப்புறம், எண்ணைக் கூப்பிட்டால் மட்டும் போதாது, பலகையிலும் காட்டுங்கள். காது கேளாதவரும் வரிசையில் இருப்பார்.