மட் (மின்னஞ்சல் நிரல்) பயன்படுத்தினால் என் அந்தரங்கம் பாதுகாப்பாக இருக்குமா? அமைப்புகளில் எதை மாற்ற வேண்டும்?

பாதி அளவுக்கு இருக்கும். விளம்பர மின்னஞ்சல்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிக்சல் படம் ஒளிந்திருக்கும். அது சர்வரிலிருந்து இறங்கினாலே நீங்கள் அஞ்சலைத் திறந்த நேரமும் ஐபி முகவரியும் அனுப்பியவருக்குப் போய்விடும். மட் வெறும் எழுத்தை மட்டும் காட்டுவதால் அந்த வித்தை பலிக்காது. ஆனால் "சரியாகத் தெரியவில்லையே" என்று அதே அஞ்சலை பிரவுசரில் திறந்தால் படம் இறங்கிவிடும். வலைப்பக்கம் போன்ற எச்டிஎம்எல் அஞ்சலை லின்க்ஸ் (Lynx, எழுத்தை மட்டும் காட்டும் பிரவுசர்) வழியே எழுத்தாக மாற்றும்படி மெயில்கேப் கோப்பில் (எந்த வகைக் கோப்பை எந்த நிரல் திறக்கும் என்று சொல்லும் பட்டியல்) எழுதி, மட்டின் அமைப்புக் கோப்பான மட்ஆர்சியில் அதைத் தானாகக் காட்டச் சொல்லும் ஆட்டோ_வியூ வரியையும் சேர்த்துவிடுங்கள்.

நீங்கள் அனுப்பும் அஞ்சலைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு அஞ்சலுக்கும் தனி அடையாளம் தரும் மெசேஜ்-ஐடி தலைப்பு வரியில் உங்கள் கணினியின் பெயர் அப்படியே போகலாம். மட்ஆர்சி கோப்பில் ஹோஸ்ட்நேம் மதிப்பைப் பொதுவான ஒன்றாக வையுங்கள். எந்த மின்னஞ்சல் நிரல் என்று வெளியே சொல்லும் யூசர்_ஏஜென்ட்டை 'நோ' ஆக்குங்கள். கடவுச்சொல்லை அதே கோப்பில் அப்பட்டமாக எழுதி வைக்காதீர்கள், அந்தக் கோப்பை கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) எல்லோரும் பார்க்க ஏற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்! ஜிபிஜியில் (மறையாக்க நிரல்) பூட்டிய தனிக் கோப்பிலிருந்து, மட்ஆர்சியில் எழுதும் சோர்ஸ் கட்டளையால் எடுக்கலாம்.

ஜிபிஜி அஞ்சலின் உள்ளடக்கத்தை மறைக்கும். யார் யாருக்கு, எப்போது அனுப்பினார் என்பதை மறைக்காது. பொருள் வரியும் வழக்கமாக வெளியே தெரியும், அதனால் ரகசியத்தை அங்கே எழுதாதீர்கள்.