ஏரிக்கரையில் எடுத்த கொக்குப் படம் ஏன் வெறும் வெள்ளைத் திட்டாக வருகிறது?

கேமராவில் கோளாறு இல்லை. படத்தின் பெரும்பகுதி கருத்த தண்ணீர் என்றால், கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். அந்த இழுப்பில் கொக்கின் இறகு விவரமெல்லாம் வெளுத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை, அதாவது கேமரா தானாகத் தேர்ந்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, -1 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். வெளிறிய வானத்தில் பறக்கும் பறவைக்கு நேர்மாறு, +1. ரா (RAW) வடிவில், அதாவது கேமரா பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பாக, எடுத்தால் இருண்ட பகுதியைப் பிறகு ஓரளவு தூக்கிவிடலாம். முழுக்க வெளுத்த இறகை மீட்க முடியாது.

அப்புறம், நின்றபடி எடுக்காதீர்கள். கரையில் உட்கார்ந்து, முடிந்தால் படுத்து, லென்ஸைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்குங்கள். பின்னணி தள்ளிப்போய் அழகாக மங்கும். முட்டியெல்லாம் சேறாகும், சரி, பரவாயில்லை. உச்சி வெயிலில் மட்டும் இந்த வித்தையெல்லாம் பெரிதாக எடுபடாது. விடிந்த முதல் ஒரு மணி நேரத்தில் போங்கள்.