கேள்வி கேட்டா அது வேதத்தை எதிர்க்கிறதா?

கடிதம்

அண்ணா, ஸ்தோத்திரம். பேர் போட வேண்டாம். போன வாரம் எங்க சபையில எரேமியா 29:11 வச்சு மெசேஜ் (உங்க பேர்ல நான் நினைக்கிறது தீமைக்கல்ல, சமாதானத்துக்குன்னு தேவன் சொல்ற வசனம்), "இந்த வருஷம் உனக்கு ப்ரமோஷன் நிச்சயம்"னு. ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டர்கிட்ட போய், அதுக்கு முந்தின வசனத்துல ஜனங்க பாபிலோன் சிறையிருப்புல 70 வருஷம் இருக்கணும்னு இருக்கே ஐயா, அதை எப்படி எடுத்துக்கிறதுன்னு மெதுவாத்தான் கேட்டேன். முகமே மாறிடுச்சு. "வேதத்தோட அதிகாரத்தையே கேள்வி கேக்குறியா? அபிஷேகம் பண்ணவங்களைத் தொடாதேன்னு இருக்கு, போய் சங்கீதம் 105:15 படி"ன்னுட்டார். ரெண்டு நாளா தூக்கமில்ல. நான் பண்ணது தப்பா? என் கத்தோலிக்க ஃப்ரெண்டு வேற, ஆளாளுக்கு அர்த்தம் சொன்னா இப்படித்தான், பைபிளைக் கொடுத்ததே திருச்சபைதானேங்கிறான். ஒரு ஸ்டடி பைபிள் வாங்கிடலாமா?

பதில்

தம்பி, ஸ்தோத்திரம். தப்பு ஒண்ணுமில்ல, தூங்கு.

நீ கேள்வி கேட்டது வேதத்தை இல்ல, பிரசங்கத்தை. ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிற இடத்துலதான் இந்த மொத்தக் குழப்பமும் ஆரம்பிக்குது. அதிகாரம் வசனத்துக்கு இருக்கு, அதை கையில வச்சிட்டு நிக்கிற ஆளுக்கு அது தானா ஒட்டிக்காது. பவுலே வந்து பேசினப்பவும் பெரோயா ஊர்க்காரங்க "காரியங்கள் இப்படியிருக்கிறதா"ன்னு தினமும் வேதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க, அதுக்காக அப்போஸ்தலர் 17:11 அவங்களைத் திட்டல, நற்குணசாலிகள்னு பாராட்டுது. வானத்துல இருந்து ஒரு தூதன் வந்து வேற சுவிசேஷம் சொன்னாலும் சபிக்கப்பட்டவன்னு கலாத்தியர் 1:8ல எழுதும்போது பவுல் "நாங்களாவது"ன்னு தன்னையும் சேர்த்துக்கிறார் பாரு, அதான் வேத அதிகாரம், சொல்றவனையும் அது கட்டுப்படுத்தும்.

இப்ப 105:15க்கு வருவோம், இதுலதான் எனக்கு கொஞ்சம் சிரிப்பு வந்துச்சு. அந்த சங்கீதத்தை 8ம் வசனத்துல இருந்து படிச்சா அபிஷேகம் பண்ணப்பட்டவங்க யாருன்னு தெரிஞ்சிடும், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு, கொஞ்சம் பேரா நாடு விட்டு நாடு அலைஞ்சவங்க. தொடாதேன்னு எச்சரிக்கப்பட்டது ராஜாக்கள், சபைல பின் பெஞ்சுல உக்காந்திருக்கிற நீ இல்ல. அதுக்குப் பின்னாடி இருக்கிற கதை ஆதியாகமம் 20ல வரும், ஆபிரகாம் மனைவியை சகோதரின்னு சொல்லி அபிமெலேக்கை ஏமாத்தினது. தேவன் ராஜாவைத் தடுத்தார், சரி, ஆனா மறுநாள் காலைல அந்த ராஜா ஆபிரகாமைக் கூப்பிட்டு ஏன் இப்படிப் பண்ணினேன்னு நேருக்கு நேரா கேக்கிறான், ஆபிரகாமும் பதில் சொல்றார். தொடாதேன்னா கேக்காதேன்னு அர்த்தம் இருந்திருந்தா அந்த அத்தியாயம் அப்படி எழுதப்பட்டிருக்காது. தாவீதும் அபிஷேகம் பண்ணப்பட்டவர்தான், அவர் பாவம் செஞ்சப்ப தீர்க்கதரிசி நாத்தான் போய் "நீயே அந்த மனுஷன்"னு முகத்துக்கு நேரா சொல்லலையா?

எரேமியா 29 இன்னும் வேடிக்கை. முந்தின அத்தியாயத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி, பாபிலோனுக்குப் போனதெல்லாம் ரெண்டே வருஷத்துல திரும்பிடும்னு கூட்டத்துக்குப் பிடிச்ச மெசேஜ் கொடுக்கிறான். அந்த மாதிரி பேச்சுக்கு பதில்தான் எரேமியாவோட லெட்டர்: வீடு கட்டுங்க, தோட்டம் போடுங்க, 70 வருஷம் ஆகும், உங்க தீர்க்கதரிசிங்க உங்களை ஏமாத்த விடாதீங்க. இதுக்கு அப்புறம்தான் அந்த 11ம் வசனம். அதுல இருந்து இந்த வருஷமே ப்ரமோஷன்னு எடுத்தா நாம எரேமியா வசனத்தை வச்சு அனனியா மெசேஜைப் பிரசங்கிக்கிறோம்னு அர்த்தம். (நானும் அந்த வசனத்தை எத்தனையோ பேருக்கு வாழ்த்தா அனுப்பிருக்கேன், ஒத்துக்கிறேன்.) அதுல நமக்கு ஆறுதல் இல்லன்னு சொல்லல, காத்திருக்கிறவனுக்கு அதை விட ஆறுதல் கிடையாது, ஆனா அந்த 70ஐ மறைச்சா அது வேற வசனமாயிடுது.

வசனத்தை தனியா உருவுறது நமக்குப் பழகிப்போச்சு, நம்பர் போட்டிருக்கே. அந்த நம்பர் மூலத்துலயே கிடையாது தம்பி, அத்தியாயப் பிரிவு 13ம் நூற்றாண்டுல வந்துச்சு, புதிய ஏற்பாட்டுல இப்ப இருக்கிற வசன எண்ணை ராபர்ட் எஸ்தியேன்ங்கிற பிரிண்டர் 1551ல போட்டார். தேவாலய உப்பரிகைல, கீழ குதி, தூதர்கள் தாங்குவாங்கன்னு சாத்தான் இயேசுகிட்ட சொன்னதும் சங்கீதம் 91ல இருக்கிற நிஜமான வசனம்தான். இயேசு அதைப் பொய்ன்னு சொல்லல, "என்றும் எழுதியிருக்கிறதே"ன்னு இன்னொரு வசனத்தை பக்கத்துல வச்சார்.

உன் ஃப்ரெண்டு சொல்றதை தூக்கிப் போடாதே. புதிய ஏற்பாட்டோட 27 புத்தகங்களோட பட்டியல் இப்ப இருக்கிற மாதிரியே நமக்குக் கிடைக்கிறது 367ல அலெக்சாந்திரியா பிஷப் அத்தனாசியஸ் எழுதின கடிதத்துலதான், சபை இல்லாம அது நம்ம கைக்கு வரல. நான் ப்ராட்டஸ்டன்ட், சபை அதை உருவாக்கல அடையாளம் கண்டுச்சுன்னு சொல்வேன், அவன் ஒத்துக்க மாட்டான், பரவால்ல. ஆனா இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ல வெளியிட்ட இறைவெளிப்பாடு பத்தின ஏட்டுலயும் திருச்சபையோட போதிக்கிற அதிகாரம் இறைவார்த்தைக்கு மேல இல்ல, அதுக்கு ஊழியம் செய்யுதுன்னுதான் இருக்கு, அதை அவன்கிட்ட கேளு. ஆளாளுக்கு அர்த்தம்ங்கிற பயம் நியாயமானது, பவுலோட கடிதங்களைப் புரட்டுறவங்க இருக்காங்கன்னு 2 பேதுரு 3:16ம் சொல்லுது. அதனாலதான் தனியா படிச்சதை நாலு பேர் நடுவுல வச்சுப் பேசணும், நீ பாஸ்டர்கிட்ட போனதும் அதுக்குத்தானே.

மறுபடி போ, ஆனா வாசல்ல கூட்டத்துக்கு நடுவுல வேண்டாம், அவருக்கும் அன்னைக்கு சங்கடமா இருந்திருக்கும், தனியா டைம் கேட்டு எரேமியா 28, 29 ரெண்டையும் உக்காந்து சேர்ந்து படிக்கலாமா ஐயான்னு கேளு.

ஸ்டடி பைபிள் வாங்கு, நல்லதுதான், கீழ இருக்கிற குறிப்பும் பிரசங்கம் மாதிரிதான்னு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. அது வர்றதுக்குள்ள கலாத்தியரை ஒரே மூச்சுல முழுசா படிச்சு முடி, அரை மணி நேரம்கூட ஆகாது.