நுரையீரல் தமனி வீக்கம்: கடிதங்களும் பதில்களும்

கே: அப்பாவுக்கு எக்கோ எடுத்ததில் நுரையீரல் தமனி 34 என்று வந்திருக்கிறது. வெடித்துவிடுமா?

34 மில்லிமீட்டர் என்றே வைத்துக்கொள்கிறேன். நீங்கள் அலகைக்கூட எழுதவில்லை. இதை வீக்கம் என்று சொல்ல மாட்டோம், விரிவுதான். பெரியவர்களுக்கு 30-க்குள் இருக்க வேண்டும். பொதுவாக 40-ஐத் தாண்டினால்தான் வீக்கம், அதாவது அன்யூரிசம் என்கிறோம். ஆனால் குழாய் ஏன் விரிந்தது? நுரையீரல் பக்கத்து அழுத்தம் எவ்வளவு? கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிபி இல்லை இது. அதே எக்கோ ரிப்போர்ட்டில் வேறொரு வரியில் இருக்கும். ஒரு எண்ணை மட்டும் கிள்ளி அனுப்பினால் யாராலும் பதில் சொல்ல முடியாது. முழு ரிப்போர்ட்டையும் அனுப்புங்கள்.

கே: எனக்குப் பிறவியிலேயே நுரையீரல் வால்வில் லேசான சுருக்கம். தமனி 46 மி.மீ., அழுத்தம் சரியாக இருக்கிறது, தொந்தரவு எதுவும் இல்லை. ஒருவர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் பொறுக்கலாம் என்கிறார்.

தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. நான் பொறுக்கலாம் என்பவர் பக்கம். நுரையீரல் பக்கத்து அழுத்தம் கூடாதவர்களுக்கு 55-ஐ நெருங்கும்போதுதான் ஆபரேஷன் பேச்சை எடுப்போம். ஆறு மாதத்தில் 5 மி.மீ. கூடினாலோ, நெஞ்சு வலித்தாலோ, குரல் கம்மினாலோ அதற்கு முன்பே. பெருத்த தமனி இதயத்துக்கு ரத்தம் தரும் இடது குழாயை அழுத்தினால் வலி. குரல் நரம்பை அழுத்தினால் கரகரப்பு. ஒவ்வொரு முறையும் ஒரே வகை ஸ்கேன் எடுங்கள். பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

கே: மகாதமனி வீக்கமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது உடம்புக்குப் போகும் குழாய், இது நுரையீரலுக்குப் போவது. அங்கே சொல்லும் அளவுகளை இங்கே பொருத்தாதீர்கள்.

கே: ஜிம்முக்குப் போகலாமா?

நடக்கலாம். மூச்சைப் பிடித்து எடை தூக்க வேண்டாம்.

கே: பத்து வருடத்துக்கு முன் டிபி வந்து குணமாகிவிட்டது. இரண்டு மாதமாக இருமும்போது அவ்வப்போது ரத்தம் வருகிறது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. உடம்புச் சூடு என்கிறார்கள். இருமல் மருந்து குடிக்கிறேன்.

இரண்டு மாதமாகவா! இதைப் படித்த உடனே கிளம்புங்கள். சூட்டினால் நுரையீரலிலிருந்து ரத்தம் வராது. இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டிபி ஆறினாலும் அது குடைந்த குழி அங்கேயே இருக்கலாம். குழியின் சுவரில் நுரையீரல் தமனியின் கிளை ஒன்று ஓடினால், அதன் சுவர் அரித்து மெலிந்து குமிழாகப் புடைக்கும். 1868-இல் ராஸ்முசன் என்ற டென்மார்க் மருத்துவர் விவரித்தது; அவர் பெயரில்தான் அழைக்கிறோம். சளியில் கிருமி இல்லை என்றால் குமிழும் இல்லை என்று அர்த்தமில்லை. சாதா எக்ஸ்ரேயில் பெரும்பாலும் பிடிபடாது. சாயம் ஏற்றிய சிடி வேண்டும்.

ஒருவர் எவர்சில்வர் டம்ளரோடு என்னிடம் வந்தார். அடியில் கால் டம்ளர், நுரை கட்டிய பளிச்சென்ற சிவப்பு. அதற்கு முன் மூன்று பாட்டில் இருமல் மருந்து தீர்த்திருந்தார். தொடை வழியே மெல்லிய குழாய் செலுத்தி, கம்பிச் சுருள் வைத்து அந்தக் கிளையை அடைத்தார்கள், பிழைத்தார். இன்னொரு வாரம் தள்ளியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். எல்லா ரத்தமும் இதனால் வருவதில்லை. பெரும்பாலும் மூச்சுக்குழாய்க்கு ரத்தம் தரும் வேறொரு தமனியிலிருந்து வருவதுதான். எது என்று ஸ்கேன் சொல்லட்டும், பக்கத்து வீட்டார் வேண்டாம். போகும் வழியில் நிறைய வந்தால், ரத்தம் வரும் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுங்கள். அப்போதுதான் மறுபக்க நுரையீரல் மூழ்காது.

கே: தம்பிக்கு 28 வயது. அடிக்கடி வாய்ப்புண். காலில் ரத்தக்கட்டி வந்து, ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறான். இப்போது சிடியில் தமனி வீக்கம். தொடரலாமா?

பெஷே நோயாக இருக்கலாம்; ரத்தக் குழாய்கள் அழற்சியடைந்து, வாய்ப்புண்ணும் ரத்தக்கட்டியும் வரும் நோய் அது. அப்படியானால் அந்த மாத்திரையே பெரும் ரத்தப்போக்கில் கொண்டுபோய் விடக்கூடும். நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம். மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடமும் வாத நோய் நிபுணரிடமும் இன்றே சிடியைக் காட்டுங்கள். ஸ்டீராய்டும், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தும் சரியாகக் கொடுத்தால் இந்த வகை வீக்கம் பலருக்குச் சுருங்கிவிடுகிறது. இருமலில் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.